உளிக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சுவர்

ராஜகிரியின் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். கோட்டையில் படைகள் இருந்த காலத்தில் அந்தப் பிளவின்மீது ஒரு மரப்பாலம் இருந்தது. எதிரி வந்தால் பாலத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். 1690களில் மராத்திய ராஜாராமை முகலாயப் படை ஏறக்குறைய எட்டாண்டுகள் முற்றுகையிட்டுக் கிடந்ததற்கு இந்த மலையின் அமைப்பும் ஒரு காரணம். 

எட்டாம் வகுப்பில் எங்களைக் கோட்டைக்குக் கூட்டிப் போனபோது வரலாற்று ஆசிரியர் இதையெல்லாம் சொன்னார். என் பக்கத்தில் நின்ற தோழி, "இந்தப் பாலத்த யாரு சார் செஞ்சது?" என்று கேட்டாள். அரசனின் பெயரைக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் கிருஷ்ணப்ப நாயக்கர் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். "அது இல்ல சார், மரத்த அறுத்தது யாரு?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தச்சர் வீட்டுப் பெண்.

கல் நின்றது, மரம் மக்கியது. செஞ்சியின் மரவேலை எதுவும் இன்று கண்ணில் படுவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் பட்டியலில் இருந்தது. அன்றைக்கு எனக்குக் கோட்டையைவிட அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. செஞ்சியின் கதைகளில் நிலைத்திருக்கும் பெண் தேசிங்கு ராஜனின் மனைவி. 1714இல் கணவன் போரில் மடிந்தபின் தீயில் இறங்கியதற்காகவே அவள் நினைக்கப்படுகிறாள். செய்ததற்காக நினைக்கப்படும் பெண்ணைக் கோட்டைக் கதைகளில் தேடிச் சலித்துவிட்டேன். ஆகவே இந்தக் கட்டுரை கோட்டையைவிட்டு இறங்கி ஒரு பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போகிறது.

கொட்டகை

1992ஆம் ஆண்டு. செஞ்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. வாரத்தில் இரண்டு பாடவேளை கைத்தொழில். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். பையன்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட தச்சுப் பட்டறைக்குப் போவார்கள். பெண்கள் அதன் பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்து தையல் பழகுவோம். நடுவில் ஒரு சுவர். சுவரின் மேல்பகுதியில் காற்றுக்காக விட்ட துளைக்கற்கள்.

பையன்கள் அடிக்கோல் செய்தார்கள், கரும்பலகை துடைக்கும் கட்டை செய்தார்கள், ஆண்டுக் கடைசியில் முக்காலி செய்தார்கள். நாங்கள் கைக்குட்டைக்கு ஓரம் அடித்தோம், ஓட்டுத்தையல் போட்டோம், பொத்தான் தைத்தோம். அவர்கள் செய்த முக்காலிகள் தலைமையாசிரியர் அறையில் வைக்கப்பட்டன. எங்கள் கைக்குட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போனோம்.

தோழி துளைக்கல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "இழைப்புளிய எப்படிப் புடிக்கிறானுங்க பாரு. எங்கப்பா பார்த்தா திட்டும்" என்பாள். வீட்டில் அப்பா ரம்பம் போடும்போது பலகையை அழுத்திப் பிடிப்பது அவள். இழைத்த சீவலைக் கூட்டி அடுப்புக்கு எடுத்துப்போவது அவள் அம்மா. எந்த மரம் நார் திரும்பி வரும், எந்தப் பக்கமிருந்து இழைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் உளியைத் தொடக்கூடாது. அது தம்பிக்கு உரியது. தம்பிக்கு அப்போது ஆறு வயது.

அந்த ஆண்டு எங்கள் பெஞ்சின் கால் ஒன்று ஆட்டம் கண்டது. பட்டறை வாத்தியாரிடம் சொல்லியாயிற்று. பையன்கள் வந்து சரிசெய்வார்கள் என்றார்கள். அரையாண்டுத் தேர்வு வந்தும் யாரும் வரவில்லை. ஒரு மதிய இடைவேளையில் தோழி பட்டறைக்குள் போய்க் கொட்டாப்புளியும் ஒரு துண்டுக் கட்டையும் எடுத்துவந்தாள். பொருத்தின் இடைவெளிக்கு அளவாக ஆப்பு சீவி இறக்கி அடித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் அனுமதியின்றிப் பட்டறைக்குள் நுழைந்ததற்காக அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்றொரு கேள்வி மட்டும் கேட்கப்பட்டது. அந்தப் பெஞ்சில் நாங்கள் ஆண்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

இந்தச் சுவரை எங்கள் பள்ளியே கண்டுபிடித்ததாக நெடுநாள் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பது பிறகு படிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

பெண்பால் இல்லாத சொல்

வகுப்பில் ஒருமுறை 'தச்சர்' என்பதற்குப் பெண்பால் கேட்டேன். மாணவிகள் யோசித்தார்கள். ஒருத்தி, "தச்சர் வீட்டம்மா" என்றாள். அவள் சொன்னது இலக்கணமில்லை. ஆனால் சமூக உண்மை.

சங்கப் புலவர் பெயர்களில் தொழில்கள் நிறைய உண்டு. நற்றிணையில் கச்சிப்பேட்டுப் பெருந்தச்சனார் இருக்கிறார். தங்கால் பொற்கொல்லனார் இருக்கிறார். புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் இருக்கிறார். கரிகாலனின் வெற்றியைப் பாடும்போதே அவனிடம் தோற்றவனை உயர்த்திச் சொன்ன துணிச்சல்காரி. மண்பாண்டத் தொழில் ஒரு பெண்ணின் பெயரில் ஏற முடிந்திருக்கிறது. மண் பிசைவதிலும் காயவைப்பதிலும் சூளை அடுக்குவதிலும் பெண்ணின் கை இல்லாமல் அத்தொழில் நடக்காது என்பது காரணமாக இருக்கலாம். தச்சின் பெயரைச் சுமந்த பெண் புலவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

பெண் கல்வி இந்த வட்டாரத்துக்குப் புதிது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செஞ்சிக்கு வடகிழக்கே வந்தவாசிப் பக்கம் வேடல் என்னும் ஊரில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியரையும் அவருடைய நூற்றுக்கணக்கான மாணவியரையும் குறிப்பிடுகிறது. நூல் பெண்களுக்கு எட்டிய காலமும் மறுக்கப்பட்ட காலமும் மாறிமாறி வந்திருக்கின்றன. கருவி மட்டும் எட்டாமலே இருந்திருக்கிறது.

வார்தா: ஒரு 'லாம்'

கைத்தொழில் பள்ளிக்குள் வந்த கதையைப் பலரும் காந்தியிடமிருந்து தொடங்குவார்கள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. அதில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள்: தஞ்சையின் ஜே.சி. குமரப்பா, யாழ்ப்பாணத்து ஆரியநாயகம். ஆரியநாயகத்தின் துணைவி ஆஷா தேவியும் உறுப்பினர். பின்னாளில் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வியைத் தோளில் சுமந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

குழுவின் திட்டத்தில் புதுமை இருந்தது. நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை போன்ற ஒரு கைத்தொழிலைச் சுற்றியே கணக்கும் அறிவியலும் கற்பிக்கப்பட வேண்டும். தக்ளியின் சுழற்சியிலிருந்து கணக்கும், பலகையின் அளவிலிருந்து வடிவியலும் வரும். உடலுழைப்பை இழிவாகக் கண்ட ஒரு சமூகத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கையால் வேலைசெய்ய வேண்டும் என்பது பெரிய சொல். முதல் ஐந்து வகுப்புகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கலாம் என்பதும் அந்தக் காலத்துக்குப் பெரிதுதான்.

பிறகு ஒரு சிறு திருப்பம் வருகிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளின் பொது அறிவியலில் பெண்களுக்காக மனையியல் கலக்கப்பட்டது. அதன்பிறகு கடைசி இரண்டு வகுப்புகளில் பெண்கள் கைத்தொழிலுக்குப் பதிலாக உயர்நிலை மனையியலை எடுத்துக்கொள்ளலாம். 'வேண்டும்' இல்லை, 'லாம்'தான். ஆனால் நம் சமூகத்தில் பெண்ணுக்குக் கொடுக்கப்படும் 'லாம்' எப்படி 'வேண்டும்' ஆகும் என்பதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தச்சில் கை தேறத் தொடங்கும் வயதில், ரம்பத்தைப் பிடிக்கும் வலு வரும் வயதில், அவளுக்கு அடுக்களைக்கு ஒரு கதவு திறந்துவிடப்பட்டது.

1953: பாதி நினைவு

தமிழ்நாட்டில் கைத்தொழில் கல்வி என்ற பேச்சை எடுத்தாலே நம் நினைவு 1953க்குப் போகும், போகத்தான் வேண்டும். ராஜாஜி அரசின் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் அந்த ஆண்டு ஜூனில் கிராமப்புறப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. பிள்ளைகள் இரு பிரிவாக முறைவைத்து வருவார்கள். மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். பெரியாரும் திராவிடர் கழகமும், தி.மு.கவும், காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் வைத்த பெயரே அதைத் தோற்கடித்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரல் 13 அன்று முதல்வரான காமராசர் மே மாதம் திட்டத்தைக் கைவிட்டார். அந்தப் போராட்டம் தோற்றிருந்தால் என்னைப் போன்ற எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதித்திருப்போம் என்று தெரியாது.

அந்தத் திட்டத்தின் இன்னொரு பாதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பையன் தகப்பனிடம் போக வேண்டும். பெண் தாயிடம் சமையலும் வீட்டு வேலையும் கற்க வேண்டும். தச்சர் மகன் தச்சன், சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளி என்பதில் இருந்த அநீதி எல்லோருக்கும் உறைத்தது. எல்லாச் சாதி மகளும் சமையற்காரி என்பது அந்த அளவுக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் அது திட்டத்துக்கு முன்பும் நடந்தது, திட்டம் போன பிறகும் நடந்தது. குலத்தொழில் என்ற சொல் ஆணின் தொழிலையே குறித்தது. தச்சுக் குலத்தில் பிறந்தாலும் என் தோழிக்குத் தச்சு குலத்தொழிலாக வரவில்லை. தொழிலுக்கு வாரிசு மகன். மகளுக்கு மிச்சமானது சீவலைக் கூட்டும் வேலை.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக நியமிக்கவும் தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாட்டுச் சட்டம் இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. நிலத்தில் பங்கு வந்தது, வீட்டில் பங்கு வந்தது. கருவிப்பெட்டியில் பங்கு கேட்க எந்தச் சட்டமும் இல்லை. அதைப் பள்ளிக்கூடம்தான் கொடுத்திருக்க முடியும்.

சத்தியவாணி முத்துவின் பெயர்

குலக்கல்வி எதிர்ப்பில் சிறை சென்ற பெண்களில் ஒருவர் சத்தியவாணி முத்து. தி.மு.கவின் தொடக்ககால உறுப்பினர், 'அன்னை' இதழை நடத்தியவர், தலித் தலைவர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண். பிற்பாடு தன் கட்சியிலேயே தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுவதாகக் குற்றம்சாட்டி வெளியேறித் தனிக்கட்சி கண்டவர். பிறப்பு விதித்த வேலையை மறுத்ததே அவருடைய வாழ்க்கை.

இன்று அவர் பெயரில் தமிழ்நாடு அரசு நடத்தும் திட்டம், கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் வறிய பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்குவது. 

இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஒரு தையல் இயந்திரம் எத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊசியை இகழ எனக்கு உரிமை இல்லை. நாகர்கோவில் பக்கம் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்த லேஸை விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். ஊசி ஒரு காலத்தில் விலங்கை அறுத்திருக்கிறது.

எனவே என் கேள்வி ஊசியைப் பற்றியது இல்லை. உதவி தேவைப்படும் பெண் என்றதும் அரசுக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் நமக்கும் ஏன் எப்போதும் ஒரே கருவி நினைவுக்கு வருகிறது? அவளுக்குத் துளையிடும் இயந்திரமோ இழைக்கும் இயந்திரமோ கொடுத்தால் என்ன என்று ஏன் யாரும் கேட்பதில்லை? ஒரே தெருவில் பத்துப் பேர் ரவிக்கை தைத்தால் கூலி எவ்வளவு இறங்கும் என்பதைத் தையற்காரப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். கதவு மாட்ட, கட்டில் செப்பனிட ஊரில் ஆள் கிடைப்பதில்லை என்று அதே தெருவில்தான் பேசிக்கொள்கிறோம்.

ஏட்டில் இடிந்த சுவர்

சுவரை இடிக்கச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. ஹன்சா மேத்தா குழு, பாடத்திட்டத்தில் ஆண் பெண் வேறுபாடு கூடாது என்று 1964இலேயே சொன்னது. இதை ஏற்றுக்கொண்ட கோத்தாரி குழு 1966இல் எல்லோருக்கும் 'செயல் அனுபவம்' வேண்டும் என்றது. 1977இல் ஈஸ்வர்பாய் பட்டேல் குழு 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி' என்று அதற்கு இன்னொரு பெயர் தந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கை, தொழிற்கல்வியில் பாலினப் பிரிப்பை ஒழிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியது. எங்கள் பட்டறையில் அந்தச் சுவர் நின்றது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து.

நம் நாட்டில் மட்டும் நடந்த கதையும் இல்லை இது. பள்ளி மரவேலைக்கு உலகெங்கும் முன்மாதிரியான ஸ்வீடனில் 1960களின் இறுதிப் பாடத்திட்டம்தான் மரமும் துணியும் இருபாலருக்கும் கட்டாயம் என்றாக்கியது. பிரிட்டனில் பெண்ணை மரவேலை வகுப்பிலிருந்து விலக்குவது சட்டவிரோதமானது 1975இல், அமெரிக்காவில் 1972இல். அங்கெல்லாம் சட்டத்தோடு கால அட்டவணையும் மாறியது. இங்கே அறிக்கை மாறியது, அட்டவணை மாறவில்லை.

பிறகு நடந்தது இன்னும் மோசம். சுவரை இடிப்பதற்குள் பட்டறையே மூடிக்கொண்டது. மதிப்பெண் பந்தயத்தில் கைத்தொழில் பாடவேளை கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. ஓய்வுபெற்ற தச்சு ஆசிரியரின் இடம் காலியாகவே இருந்தது. 2012இல் தையல், ஓவியம், தோட்டக்கலை, கட்டடக்கலை முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். கைவேலைக்கு ஒரு சமூகம் வைத்திருக்கும் மதிப்பு என்ன என்பதற்கு இந்த எண் போதும்.

சித்தாள்

செஞ்சியில் காலை ஏழு மணிக்குக் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள். தூக்குவாளியோடு கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் வேன்களில் ஏறுவார்கள். பதினெட்டு வயதில் கையாளாகச் சேரும் ஆண் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனாராவான், அல்லது ரம்பம் பிடித்துத் தச்சராவான். அவனோடு அதே நாளில் சேர்ந்த பெண் ஐம்பது வயதிலும் சித்தாள். கூலியும் அதற்கேற்ப. கலவையின் பதம் அவளுக்குத் தெரியும், சுவர் தூக்கு நூலுக்கு நிற்கிறதா என்பது தெரியும். கருவி கைக்கு வருவதில்லை. பள்ளியில் கொட்டகைக்கு நடுவே இருந்த சுவர் இங்கே சாரத்தின்மீது நிற்கிறது.

அது இயற்கை விதி இல்லை என்பதற்குச் சான்று பக்கத்திலேயே உண்டு. கேரளத்தில் ஏற்றுமானூரின் அர்ச்சனா பெண்கள் மையம் பல ஆண்டுகளாகப் பெண்களைக் கொத்துவேலையிலும் தச்சிலும் பயிற்றுவிக்கிறது. அங்கே தேர்ந்தவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், கதவு செய்திருக்கிறார்கள்.

கைத்தொழில் மறுபடியும் பள்ளிக்கு வருகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் பையில்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்ற உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பழகச் சொல்கிறது. 2023இல் வந்த பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை நிபந்தனையாக வைத்தது. தமிழ்நாடு மறுத்து, அந்த நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. 1953ஐ மறக்காத மாநிலம் இப்படித்தான் செய்யும். நான் அந்த மறுப்போடு நிற்கிறேன். ஆனால் சாதியின் பேரால் தொழிலைத் திணிக்கக்கூடாது என்று சொல்லும் வாய், பாலின் பேரால் தொழிலைத் தடுக்கக்கூடாது என்றும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கைத்தொழிலே வேண்டாம் என்பது விடையாகாது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கருவியும், பிறப்பையும் பாலையும் கேட்காமல், பள்ளி நேரத்துக்குள்ளேயே, கணக்கையும் அறிவியலையும் குறைக்காமல் கிடைக்க வேண்டும். பையனும் பொத்தான் தைக்கட்டும்.

அதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு பட்டறையைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் பெண்பிள்ளைகளின் உயரத்துக்கும் பொருந்தும் வேலை மேசைகள், சிறிய கைக்கு அடங்கும் பிடிகள், தாவணியும் துப்பட்டாவும் ரம்பத்தில் சிக்காமலிருக்க மேலங்கி, கண்ணாடி, முதலுதவிப் பெட்டி. செய்முறைக்கு அலங்காரப் பொருள் வேண்டாம். பள்ளியின் உடைந்த பெஞ்சுகள் போதும். அவற்றைச் செப்பனிடும் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். முடிந்தால் சொல்லித்தருபவரும் பெண்ணாக இருக்கட்டும்.

சென்ற ஆண்டு என் மாணவிகளோடு ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். பழைய தச்சுக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. திறக்கச் சொன்னோம். உள்ளே உடைந்த நாற்காலிகள், பழைய விடைத்தாள் கட்டுகள், துருப்பிடித்த இரண்டு பற்றுக்குறடுகள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குறட்டின் திருகைச் சுற்றிப் பார்த்தாள். சுழலவில்லை. "எண்ணெய் விட்டா சுத்தும் மிஸ்" என்றாள்.

தோழி இப்போது திண்டிவனத்தில் இருக்கிறாள். கணவர் இறந்தபின் தையல் இயந்திரம் கிடைத்தது. அதில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். இயந்திரத்தின் மேசைப்பலகை உளுத்துப்போனபோது அப்பாவின் பழைய உளியைத் தம்பியிடம் கேட்டு வாங்கி, வேப்பம்பலகையில் புதிதாகச் செய்து பொருத்திக்கொண்டாள். உளியைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.